உவர்க் கிணறும் உமிக்கரியும்: பூநகரியில் பன்னிரண்டு கொடித்தோடை

கொடித்தோடை (தமிழ்நாட்டில் பாஷன் ஃப்ரூட்) இலை விரல் விரித்த கைபோல மூன்று பிரிவாக இருக்கும். கிணற்றில் உவர் ஏறினால் முதலில் கருகுவது அந்த மூன்று நுனியும்தான். அடி இலைகளில் தொடங்கும். நுனியில் ஒரு பழுப்புப் பொட்டு விழும். ஒரு கிழமைக்குள் அது ஓரத்தைப் பிடித்துக்கொண்டு காம்புவரை இறங்கும். நடு நரம்பு பச்சையாக நிற்கும். ஓரத்தைத் தொட்டால் அப்பளம்போல நொறுங்கும். 2022 ஆடியில் எங்கள் வளவில் எட்டுக் கன்றில் ஐந்து இப்படித்தான் போயின. மிஞ்சிய மூன்றும் உயிரோடு நின்றன, ஆனால் ஒரு பூக்கூட வைக்கவில்லை.

அதன் பிறகு இரண்டு வருடமாக, உமிக்கரியில் இருக்கும் சிலிக்கன் உவரைத் தாங்க உதவுமா என்று பார்க்கச் செய்ததையும் அளந்ததையும் இங்கே எழுதிவைக்கிறேன். பூநகரி, முழங்காவில், மன்னார்க் கரை, முல்லைத்தீவுக் கரை என்று உவர்க் கிணற்றை வைத்துக்கொண்டு பழக்கொடி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் இலங்கையின் வன்னியில் நிறையப் பேர் இருக்கிறோம். நான் வைத்தது மஞ்சள் பழ இனம்.

எங்கள் கிணறு பதினாறு அடி. மாரி முடிந்த கையோடு அள்ளினால் குடிக்கலாம் போல இருக்கும். பங்குனி வெயிலில் தேத்தண்ணியின் ருசி மாறத் தொடங்கும். சோளகக் காற்று அடிக்கிற ஆடி, ஆவணியில் வாய் கொப்பளித்தால் நாக்குக் கரிக்கும். நாக்கை நம்பி ஐந்து கன்றை இழந்த பிறகு மின்கடத்துதிறன் மானி ஒன்று வாங்கினேன். பேனா அளவுக் கருவி. தண்ணீரில் உப்புக் கூடக் கூட மின்சாரம் இலகுவாகப் பாயும். அதை அது இலக்கமாகக் காட்டும். மீற்றருக்கு ஒரு டெசிசீமன்ஸ் (இங்கே வரும் உவர் இலக்கங்களுக்கெல்லாம் அதுதான் அலகு) என்று காட்டினால் லீற்றருக்கு ஏறத்தாழ 640 மில்லிகிராம் உப்பு இருக்கிறது என்று கொள்ளலாம். 2023 தையில் எங்கள் கிணறு 0.9 காட்டியது. பங்குனியில் 1.6, ஆடியில் 2.4, ஆவணிக் கடைசியில் 2.8.

இந்த இலக்கங்களை எதோடு ஒப்பிடுவது? ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பு 1985இல் திருத்தி வெளியிட்ட பாசன நீர்த்தரக் கையேடு, 0.7க்குக் கீழே என்றால் பயமில்லை, 0.7 முதல் 3 வரை என்றால் கவனம் வேண்டும், 3க்கு மேலே போனால் கடும் சிக்கல் என்று பிரிக்கிறது. அதே கையேடு கொடித்தோடையை உப்புத் தாங்காத பயிர்களின் பட்டியலில் போட்டிருக்கிறது. அந்த வகைப் பயிர்களுக்கு வேரடி மண்ணின் உவர் 1.3ஐத் தாண்டுவதற்குள்ளேயே விளைச்சல் குறையத் தொடங்கிவிடும். உவர் தாங்கும் தென்னைக்கு ஊற்றுகிற மாதிரி இதற்கும் ஊற்றியதுதான் 2022இல் நான் விட்ட பிழை.

சரி, சிலிக்கன் எங்கிருந்து வந்தது? அதற்கு முதலில் நெல்லைச் சொல்ல வேண்டும். பூநகரி மொட்டைக்கறுப்பன் விளைகிற ஊர். வயலில் இறங்கி நடந்தவர்களுக்குத் தெரியும், நெற்றாள் காலைக் கீறும். அந்தக் கூர்மையைக் கொடுப்பது சிலிக்கா, சிலிக்கனும் ஒட்சிசனும் சேர்ந்த பொருள். மண்ணில் சிலிக்கனுக்குப் பஞ்சமே இல்லை, பூமியின் மேலோட்டில் ஒட்சிசனுக்கு அடுத்தபடி அதிகம் இருக்கும் மூலகம் அதுதான். ஆனால் மணலாக இருக்கிற சிலிக்கனைச் செடியால் உறிஞ்ச முடியாது. நீரில் கரைந்து சிலிசிக் அமிலமாக வந்தால்தான் வேர் எடுக்கும். நெல் அதை அள்ளி அள்ளிக் குடிக்கிற பயிர். அதை உள்ளே இழுக்கும் மரபணுவை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006இல் நெல் வேரில் கண்டுபிடித்தார்கள். குடித்ததை இலையிலும் உமியிலும் கண்ணாடித் தூள்போலப் படியவைக்கிறது. 100 கிலோ நெல் குற்றினால் ஏறத்தாழ 20 கிலோ உமி. அதை முழுதாக எரித்தால் 4 கிலோ சாம்பல். அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா.

உவருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றால், வேருக்குள் போன சிலிக்கன் உட்தோல் சுவர்களில் படிந்து, சோடியம் நழுவி ஏறும் சந்துகளை ஒடுக்குகிறது. நெல்லில் இது தெளிவாகக் காட்டப்பட்டிருக்கிறது. சோடியம் குறைவாக ஏறினால் பொற்றாசியத்துக்கு இடம் கிடைக்கும், இலை கருகுவது தள்ளிப்போகும். மஞ்சள் கொடித்தோடையை உலகிலேயே அதிகம் விளைவிக்கும் பிரேசிலின் வறண்ட வடகிழக்கு மாநிலங்களில் உவர்நீரில் இந்தக் கொடியை எப்படி வளர்ப்பது என்று ஆண்டுக்கணக்காக ஆராய்கிறார்கள், சிலிக்கன் உரத்தையும் அங்கே சோதித்திருக்கிறார்கள். ஆனால் கொடித்தோடை நெல்லைப்போலச் சிலிக்கனை அள்ளிக் குடிக்கிற இனமில்லை. அதனால் நெல்லுக்குக் கிடைக்கிற பலன் இதற்கும் அப்படியே கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எவ்வளவு கிடைக்கும் என்று பார்க்க விரும்பினேன்.

முதலில் ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறேன். மிஞ்சி நின்ற அந்த மூன்று கன்றுக்கும் 2022 ஆவணியில் உமிச் சாம்பலை அள்ளிப் போட்டேன். அடுப்பில் முழுக்க எரிந்து வெளுத்த சாம்பல். கன்றுக்கு இரண்டு சிரட்டை போட்டுக் கிளறித் தண்ணீர் விட்டேன். மூன்றாம் கிழமை புதுத் தளிர் மஞ்சளாக வந்தது. நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தது. உப்பு என்றால் அடி இலை ஓரம் கருகும். இதுவோ நுனித் தளிர் வெளிறுகிறது. சாம்பல் காரம், மண்ணின் பி.எச். ஏறி, இரும்பு வேருக்குக் கிடைக்காமல் பூட்டுப்பட்டுவிட்டது. அதோடு, கடும் சூட்டில் வெளுக்க எரிந்த சாம்பலில் சிலிக்கா பளிங்காக இறுகிவிடும், பிறகு மணலைப்போலவே கரைய மறுக்கும். காரம் முழுதாகக் கிடைத்தது, சிலிக்கன் கிடைக்கவில்லை. அந்த மூன்றையும் பிடுங்கிவிட்டேன்.

வேண்டியது சாம்பல் அல்ல, கரி. இதை எனக்குச் சொல்லித் தந்தது அம்மா. அவவின் காலத்தில் வீட்டில் பல் தீட்ட உமிக்கரி சுடுவார்கள். "வெளுக்க முன்னம் தண்ணி தெளிச்சுப் போடோணும். வெளுத்தால் பல்லை அராவும்," என்றா. சுடும் முறையையும் அவதான் காட்டினா. நான் மாற்றியது ஒன்றுதான்: அடுப்புக்குப் பதிலாக ஒரு பழைய எண்ணெய்த் தகரத்தில் ஆணியால் சுற்றிவரத் துளை போட்டு, மேலே ஒரு நீளக் குழாயைப் புகைபோக்கியாகச் செருகினேன். தகரத்துக்குள் பாளையும் சிரட்டையும் போட்டுக் கொளுத்தி, அதைச் சுற்றி உமியைக் கூம்பாகக் குவித்தேன். நான்கு மூடை உமி.

முதல் அரை மணி நேரம் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். பிறகு குவியலின் மேல் ஒரு கரும்புள்ளி தெரியும், அது மெல்லப் படர்ந்து இறங்கும். தீச்சுவாலை வராது, ஈரமான வெள்ளைப் புகைதான் வரும். கரும்பட்ட இடத்தை மண்வெட்டியால் கீழே இழுத்து, மஞ்சள் உமியை மேலே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் பக்கத்திலேயே நிற்க வேண்டிய வேலை. குவியல் முழுக்கக் கறுத்து, ஓரத்தில் முதல் சாம்பல் நிறப் பொட்டு தெரிகிற நேரத்தில் தகரத்தை இழுத்தெடுத்துவிட்டுத் தண்ணீர் தெளிக்க வேண்டும். வாளி வாளியாக. மேலே நனைந்தது போதும் என்று விட்டுவிட்டால் உள்ளே கணன்றுகொண்டிருந்து விடியும்போது சாம்பலாகிவிடும். எனக்கு இரண்டாம் முறை அப்படி ஒரு மூடை வெளுத்தது. ஆறியபின் கையில் எடுத்தால் ஒவ்வொரு உமியும் தன் வடிவம் குலையாமல் படகுபோலக் கறுப்பாக இருக்கும். அதுதான் பதம். காய்ந்த கரியையோ சாம்பலையோ கிளறும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தூசி நெஞ்சுக்குக் கூடாது.

நாற்றில் சோதிக்க ஒரு சங்கடம் இருந்தது. மழை தொடங்கினால் கிணறு இளகிவிடும், உவர்த் தண்ணீர் கிடைக்காது. அதனால் 2022 புரட்டாதிக் கடைசியில் இரண்டு பரல் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி மூடிவைத்தேன். மானி 2.5 காட்டியது. ஐப்பசி மழையில் கூரைத் தண்ணீரை ஆயிரம் லீற்றர்த் தாங்கியில் பிடித்தேன், அது 0.1கூட இல்லை. விதையை மழைத் தண்ணீரில் முளைக்கவைத்து, இரண்டிலைப் பருவத்தில் முப்பது பைகளைத் தகரக் கொட்டிலின் ஓரத்தில் மழை படாமல் அடுக்கினேன். ஆறாறு பையாக ஐந்து கூட்டம். மழைத் தண்ணீர் மட்டும் ஒன்று. மழைத் தண்ணீரோடு உமிக்கரி ஒன்று. பரல் தண்ணீர் மட்டும் ஒன்று. பரல் தண்ணீரோடு உமிக்கரி ஒன்று. ஐந்தாவதைக் கொஞ்சம் யோசித்துச் சேர்த்தேன்: பரல் தண்ணீரோடு கட்டைக்கரி. ஏனென்றால் எந்தக் கரியும் மண்ணை இளக்கும், ஈரம் பிடிக்கும், கொஞ்சம் பொற்றாசியமும் தரும். உமிக்கரிப் பையில் கன்று நன்றாக வந்தால் அது சிலிக்கனாலா, கரி என்பதாலா என்று தெரியாமல் போகும். கட்டைக்கரியில் சிலிக்கன் மிகக் குறைவு. கரி எதுவானாலும் மண்ணில் பத்தில் ஒரு பங்கு கலந்தேன்.

நாளுக்குக் கால் லீற்றர் வீதம் ஐம்பது நாள். பிறகு அடிமட்டம் வைத்து அளந்தேன். மழைத் தண்ணீர்க் கன்றுகள் சராசரியாக 34 சென்ரிமீற்றர். அதோடு உமிக்கரி, 36. வெறும் உவர்த் தண்ணீர், 17. உவரும் கட்டைக்கரியும், 19. உவரும் உமிக்கரியும், 23. ஆறு கன்றை வைத்து அடித்துச் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் உமிக்கரிக் கூட்டத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது: வெறும் உவரில் எல்லாக் கன்றின் அடி இலையும் கருகியிருக்க, இதில் இரண்டு கன்றில்தான் நுனி கருகியிருந்தது. இலையைத் தடவினால் சற்று மொரமொரப்பாகவும் இருந்தது.

இந்த இலக்கங்களில் நான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தது 23ஐயும் 34ஐயும்தான். உமிக்கரி உவர்க் கன்றை 17இலிருந்து 23க்குக் கொண்டுபோனது உண்மை. ஒன்றும் போடாத வெறும் மழைத் தண்ணீர் 34க்குக் கொண்டுபோனது. சிலிக்கன் உரம் போட்டால் உவர்த் தண்ணீரில் நாற்று வளர்க்கலாம் என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு இலக்கத்தையும் காட்டுவேன். நாற்றுக்கு மழைத் தண்ணீர் கொடுப்பது அப்படிப் பெரிய காரியமும் இல்லை. இருபது பைக்கு நாளுக்குக் கால் லீற்றர் வீதம் அறுபது நாளுக்கு 300 லீற்றர். ஒரு தாங்கியில் மூன்றில் ஒரு பங்கு. கொடி உப்புக்கு மிகவும் பயப்படுகிற பருவத்தில் அவ்வளவுதான் கேட்கிறது.

2023 தைப்பொங்கல் கழிந்து பன்னிரண்டு கன்றை நட்டேன். எல்லாம் மழைத் தண்ணீரில் வளர்ந்தவை. ஒன்றரை அடி ஆழ, அகலக் குழி. ஆனால் கன்றை மட்டும் குழி மட்டத்துக்கு மேலே மேடாக்கித்தான் வைத்தேன். கொடித்தோடை உவரை வெறுக்கிறது போலவே வேரில் தண்ணீர் தேங்குவதையும் வெறுக்கும், அடித்தண்டு அழுகிவிடும். எல்லாக் குழிக்கும் ஒரு கடகம் மாட்டெரு, இரண்டு கைப்பிடி ஜிப்சம். வடக்கு வரிசை ஆறு குழிக்கு மட்டும் நடுவதற்கு ஒரு மாதம் முதலே மூன்று கிலோ வீதம் உமிக்கரி கலந்து ஆறவைத்தேன். தெற்கு வரிசைக்குக் கரி இல்லை. கதியால் மிச்சத்திலும் பனஞ்சிலாகையிலும் பந்தல் போட்டு, மேலே கம்பி இழுத்தேன்.

வடக்கு வரிசைக்கு இன்னொன்றும் செய்தேன். கரியிலிருந்து சிலிக்கன் மெல்லத்தான் கரையும் என்பதால் பொற்றாசியம் சிலிக்கேற்றுத் திரவம் ஒரு போத்தல் வாங்கி, லீற்றருக்கு 2 மில்லிலீற்றர் கலந்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை பின்னேரத்தில் இலைக்குத் தெளித்தேன். இரண்டாம் முறை வேலையை மிச்சம்பிடிக்க அதே தெளிகருவியில் கல்சியம் நைத்திரேற்றையும் கலந்துவிட்டேன். கலக்கிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் பால்போல் வெளுத்தது. ஐந்து நிமிடத்தில் ஆறிய கஞ்சிபோலக் கட்டி கட்டியாகத் திரண்டு குழாயையும் முனையையும் அடைத்தது. கல்சியம் சிலிக்கேற்று. ஊசியால் குத்தி, புளித்தண்ணியில் ஊறவைத்து, கடைசியில் புது முனை வாங்க வேண்டி வந்தது. சிலிக்கேற்றை வெறும் தண்ணீரில் தனியே தெளியுங்கள், வேறு எந்த உரத்தோடும் மருந்தோடும் சேர்க்கவேண்டாம். அந்தத் திரவம் கடும் காரம், கையுறை போட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

இனித் தண்ணீர். எனக்கு அதிகம் தலையிடி தந்ததும் அதிகம் கற்றுத்தந்ததும் இதுதான். உவர்நீர் பாய்ச்சினால் கொடி தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை மண்ணில் விட்டுவிடும். அந்த உப்பை வேருக்குக் கீழே தள்ளக் கொஞ்சம் கூடுதலாக ஊற்ற வேண்டும். எவ்வளவு கூடுதல் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: தண்ணீரின் உவரை, மண்ணில் பயிர் தாங்கும் உவரின் ஐந்து மடங்கிலிருந்து தண்ணீரின் உவரைக் கழித்து வரும் எண்ணால் வகுக்க வேண்டும். பங்குனியில் கிணறு 1.6. ஐந்து தர 1.3 என்றால் 6.5, அதில் 1.6 போக 4.9, வகுத்தால் 0.33. ஊற்றுவதில் மூன்றில் ஒரு பங்கு வேரைத் தாண்டிக் கீழே போக வேண்டும். செய்யலாம். ஆவணியில் கிணறு 2.8. 6.5இல் 2.8 போக 3.7, வகுத்தால் 0.76. நான்கில் மூன்று பங்கு கீழே போக வேண்டும். அதாவது கொடி 10 லீற்றர் குடிக்க நான் 40 லீற்றர் ஊற்ற வேண்டும். பன்னிரண்டு கொடிக்கு நாளுக்கு 480 லீற்றர், அந்தச் சிறு கிணற்றிலிருந்து.

அதைச் செய்துதான் பார்த்தேன். ஆடியில் இரண்டு அங்குல நீரிறைக்கும் இயந்திரத்தை வைத்து ஒரே மூச்சில் இறைத்தேன். இறைக்கத் தொடங்கும்போது 2.4 காட்டிய கிணறு, முக்கால் மணி நேரத்தில் 3.3 காட்டியது. பக்கத்து வளவு ஐயா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "தம்பி, உந்தக் கிணத்திலை உப்பிடிக் கலக்கி இறைக்காதையும். அடித்தண்ணி ஏறிடும். ஊற ஊற அள்ளும்," என்றார். அவர் சொன்னதுதான் விஞ்ஞானமும் சொல்கிறது. கரையோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நல்ல தண்ணீர் இருக்கும். மேலே ஒரு அடியை உறிஞ்சிவிட்டால் கீழே உப்பு எவ்வளவு ஏறப் பார்க்கும் என்று யோசித்துப் பாருங்கள். உப்பைக் கழுவ நான் கூடுதலாக இறைத்த தண்ணீரே உப்பைக் கொண்டுவந்தது.

அன்றோடு பெரிய இயந்திரத்தை நிறுத்தினேன். அரைக் குதிரைவலு மோட்டர் ஒன்றை வைத்து, காலை இருபது நிமிடம், பின்னேரம் இருபது நிமிடம், உயரத்தில் வைத்த தாங்கிக்கு ஏற்றினேன். உறிஞ்சு குழாயைக் கிணற்றின் அடியிலிருந்து தூக்கி, நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே மிதவையில் கட்டினேன். தாங்கியிலிருந்து சொட்டு முனை வழியே கொடிக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் போகும். இலையில் உவர்த் தண்ணீர் படக்கூடாது, பட்டால் காய்ந்ததும் உப்பு நேரே இலைக்குள் போகும். அடிக்கு வைக்கோலையும் பனையோலையையும் நான்கு விரல் தடிப்புக்கு மூடினேன். சோளகம் அடிக்கும்போது மூடாத மண் எவ்வளவு வேகமாகக் காய்ந்து உப்பை மேலே இழுக்கிறது என்று ஒரு நாள் வைக்கோலை விலக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கணக்குப்படியான 40 லீற்றர் கொடுக்க முடியவில்லை. நாளுக்கு 15 கொடுத்தேன். அதனால் உப்பு முழுதாகக் கழுவப்படாது என்று தெரிந்துதான் கொடுத்தேன்.

ஆவணிக் கடைசியில் இரண்டு வரிசையும் வேறு வேறாகத் தெரிந்தன. தெற்கு வரிசையில் முழங்கால் உயரம்வரை இலை கொட்டித் தண்டு வெறுமையாக நின்றது. வடக்கில் அடி இலை கருகியிருந்தாலும் விழவில்லை. பூவும் வடக்கில் முதலில் வந்தது, ஒரு கிழமை முந்தி. மஞ்சள் இனத்தின் பூ மத்தியானம்தான் விரியும், இரவில் மூடிவிடும். தன் மகரந்தத்தால் தான் காய்க்காது, இன்னொரு கொடியின் மகரந்தம் வேண்டும். பனந்தூணைத் துளைத்துக் குடியிருக்கும் அந்தப் பெரிய கரிய வண்டுதான் இதற்கு ஏற்ற ஆள், சின்னத் தேனீயின் முதுகு எட்டாது. காற்று அடித்த நாட்களில் வண்டு வரவில்லை. அப்போது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் மகளும் பஞ்சுக் குச்சியோடு கொடி கொடியாகப் போனோம்.

பிறகு வந்தது நான் எதிர்பாராத இழப்பு. சொட்டு முனைக்கு நேர் கீழே மண் நன்றாக இருக்கும். உப்பு எல்லாம் ஈர வட்டத்தின் விளிம்புக்குத் தள்ளப்பட்டு வெள்ளை வளையமாகப் பூத்து நிற்கும். ஒரு பங்கு மண்ணை ஐந்து பங்கு மழைத் தண்ணீரில் குலுக்கித் தெளியவிட்டு அளந்தேன். முனைக்குக் கீழே 0.3. வளையத்தில் 2.1. புரட்டாதிக் கடைசியில் ஒரு பின்னேரம் பத்து நிமிடம் மழை தூறியது. எட்டு மாதத்தில் முதல் நல்ல தண்ணீர் என்று சந்தோஷப்பட்டு அன்றும் மறுநாளும் சொட்டுநீரை நிறுத்தினேன். மூன்றாம் நாள் வடக்கு வரிசையின் நான்காம் கொடி நடுப்பகலில் துவண்டது. மாலையில் நிமிரவில்லை. பதினான்கு காயோடு அந்தக் கிழமையே காய்ந்தது.

தூறல் உப்பைக் கீழே கழுவவில்லை. விளிம்பில் நின்ற வளையத்தைக் கரைத்து உள்ளே, வேர் நெருக்கமாக இருக்கிற இடத்துக்கு, கொண்டுவந்து விட்டுவிட்டது. உமிக்கரி போட்டு, சிலிக்கேற்று தெளித்து, வரிசையிலேயே நன்றாக நின்ற கொடி அது. முதல் தூறல் விழும்போது சொட்டுநீரைத் திறந்து வையுங்கள். மழை கனத்து, தரையில் தண்ணீர் ஓடுகிற அளவுக்குப் பெய்யும்வரை மூடாதீர்கள். மழை நேரத்தில் தண்ணீர் பாய்ச்சுகிறானே என்று பார்ப்பவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும்.

பூ பிடித்ததிலிருந்து பழம் விழ ஏறத்தாழ அறுபத்தைந்து முதல் எழுபது நாள். ஐப்பசியிலிருந்து காலையில் பந்தலுக்குக் கீழே விழுந்த பழத்தைப் பொறுக்குவோம், பறிப்பதில்லை. தானாக விழுந்ததுதான் முற்றியது. மார்கழிக் கடைசிவரை எண்ணினேன். வடக்கில் ஐந்து கொடியில் 187 பழம், கொடிக்கு 37. தெற்கில் ஆறு கொடியில் 171, கொடிக்கு 28.5. பழத்தின் அளவிலோ சாற்றிலோ எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. எண்ணிக்கை கூடியது, இலை கொட்டாமல் நின்றதால்தான் என்று நினைக்கிறேன். நல்ல தண்ணீர் உள்ள இடத்தில் இந்தக் கொடி இதைவிட எவ்வளவோ கூடக் காய்க்கும், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

2024இல் தெற்கு வரிசைக்கும் உமிக்கரி போட்டேன், மேல் மண்ணோடு கலந்து, வைக்கோலுக்குக் கீழே. போத்தல் சிலிக்கேற்றை விட்டுவிட்டேன். அதன் விலைக்கு ஏற்ற பலன் எனக்குத் தனியாகப் பிரித்துத் தெரியவில்லை, உமி சும்மா கிடைக்கிறது. வைக்கோலும் நெல்லின் சிலிக்கன்தான், உக்க உக்க அதுவும் மண்ணுக்குத்தான் போகும். மாரி மழை ஓய்ந்த கையோடு குழி மண்ணை அளந்து பார்த்தேன்: இரண்டு வரிசையிலும் 0.2க்குக் கீழே. வருடம் முழுக்க நான் சேர்த்த உப்பை மழை சில கிழமைகளில் கழுவிவிட்டது. மண்ணின் உவர் அடுத்த ஆவணிவரை எவ்வளவு மெதுவாக ஏறும் என்பதுதான் என் கையில் இருக்கிறது.

இன்னொன்றைக் கவனித்து வைத்திருக்கிறேன். தெற்கு வரிசையில் மூன்றாவது, நாங்கள் ஒன்பதாம் கொடி என்று சொல்வது, 2023இல் கரியும் இல்லாமல் சிலிக்கேற்றும் இல்லாமல் 2.8 தண்ணீரில் நின்று, வடக்கு வரிசைக் கொடிகளைவிடக் குறைவாகக் கருகியது. கரி போட்ட 2024இலும் அப்படித்தான். விதைக் கன்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி, அதிலும் அயல் மகரந்தத்தில் மட்டும் காய்க்கிற இனம். அதனால் இந்த முறை ஒன்பதாம் கொடியிலிருந்து ஆறு தண்டு வெட்டிப் பதியன் வைத்திருக்கிறேன். அதன் பூவுக்கு வடக்கு இரண்டாம் கொடியின் மகரந்தத்தை மகள் தொட்டுவைத்து, நூல் கட்டி அடையாளம் போட்ட காய் நான்கு விழுந்திருக்கின்றன. தாங்கி நேற்றைய மழையில் கழுத்துவரை நிரம்பியது. விதையைப் பிசைந்து கழுவி நிழலில் காயவைத்திருக்கிறோம். தண்டு வெட்டியதில் நான்கு துளிர்விட்டிருக்கிறது.